கன்னத்தைப் பார்த்து ஏமாறுகிறோம்

ஸ்கூடாயில் ஒரு கல்யாணம். நாதஸ்வரக்காரர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். காம்போதியில் அவர் மேல்ஸ்தாயியில் போய் நின்றபோது பக்கத்து நாற்காலி அங்கிள் என் காதில் சொன்னார்: "இதெல்லாம் ரத்தத்துல வரணும் தம்பி. நம்ம பிள்ளைங்களுக்கு வராது லா."

எனக்குச் சுருக்கென்றது. ஜொகூரில் பள்ளி பேண்டில் ஐந்து வருஷம் ட்ரம்பெட் ஊதியவன் நான். அங்கே யாரும் என் ரத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உதட்டைத்தான் பார்த்தார்கள். ட்ரம்பெட்டில் வால்வு எதையும் அழுத்தாமல், உதட்டை இறுக்கியே ஸ, ப, மேல் ஸ, க என்று ஏறலாம். மவுத்பீஸ் மேலுதட்டில் மூன்றில் ஒரு பங்கு, கீழுதட்டில் இரண்டு பங்கு இருக்கட்டும் என்று ஆர்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1864இல் கார்னெட்டுக்கு எழுதிய பாடநூலில் சொன்னார். பின்னால் வந்த பலர் அதை மறுத்தார்கள். எழுதி வைத்ததால்தானே மறுக்க முடிந்தது?

அதே புத்தகத்தில் நாக்குக்கு அவர் தரும் அசை 'து'. வேகத்துக்கு 'துகு'. நாதஸ்வரத்தில் நாம் துத்துகாரம் என்கிறோமே, அதே 'து'தான்! ட்ரம்பெட்டில் நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் தட்டும். நாதஸ்வரத்தில் சீவாளி வாய்க்குள் இருப்பதால் நாக்குக்கு அதன் முனையில் வேலை. விரலுக்கு ஏழே துளை. சுரபேதங்களைப் பாதித் துளையும் மூச்சும் சீவாளியைக் கவ்வும் உதடும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு நுட்பமான வேலையை 'அருள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

ஒரு கோயிலில் கற்றுக்கொள்ளப் போனேன். "ஊது, தானா வரும்" என்றார்கள். இரண்டு மாதம் என் வாயை யாரும் பார்க்கவில்லை. வரவும் இல்லை.

குருகுலத்தில் சொல்லாமலே கற்றார்கள் என்பீர்கள். சரி, குருவின் வாயெதிரே பல வருஷம் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை மட்டும் வரும் ஜொகூர்ப் பையனுக்குத் தேவை. 'ரத்தம்' என்ற பேச்சுக்குப் பின்னால் சாதி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய திமிரி நாயனத்தில் சுத்த மத்தியமம் சுலபமாக நிற்காது. அவர் அருளுக்காகக் காத்திருக்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு உட்கார்ந்து குழலையே நீளமாக்கினார். எங்கள் பாஷையில் அது டிசைன் மாற்றம்.

நம் இலக்கியக் கட்டுரைகளோ இன்னும் 'தில்லானா மோகனாம்பாள்' சிவாஜியின் கன்னத்தை விட்டு நகரவில்லை. 1968இல் அந்தப் படத்துக்கு வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்கள் உதட்டைப் பற்றி யார் ஒரு பத்தி எழுதினோம்?

பந்தி முடிந்ததும் நாதஸ்வரக்காரரிடம் போனேன். "அண்ணே, சீவாளி எவ்வளவு உள்ள போகணும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சீவாளியைக் கழற்றி வாயில் வைத்துக் காட்டினார். "பல்லு படக்கூடாது தம்பி. உதட்ட உள்ள மடிச்சுக்கங்க. மேல போகப்போக கவ்வணும், கடிக்கக் கூடாது." கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். வெளிச்சம் போதாது என்று அவரே வாசல் பக்கம் நகர்ந்து நின்றார்.