பெயரைக் கேட்பதா, பிழையைத் திருத்துவதா?

தில்லி உயர் நீதிமன்றத்தில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 ஜூலையில் தொடுத்த ரூ. 2 கோடி மானநஷ்ட வழக்கை ஏதோ இரு நிறுவனங்களுக்கு இடையிலான தகராறு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிட்டோம். அந்நிறுவனம் மத்திய அரசின் பிரசாரக் கருவியாகச் செயல்படுகிறது என்ற விமர்சனம் எழுந்திருப்பதாக விக்கிப்பீடியா கட்டுரை குறிப்பிட்டதுதான் வழக்குக்குக் காரணம். தான் செய்ய முயன்ற திருத்தங்களும் நீக்கப்பட்டன என்றது ஏ.என்.ஐ. கட்டுரையைத் தொகுத்த மூவரின் விவரங்களை ஒப்படைக்குமாறு அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது தாமதமானபோது, இந்தியாவைப் பிடிக்கவில்லை என்றால் இங்கே பணியாற்ற வேண்டாம் என்கிற அளவுக்கு நீதிபதி கடிந்துகொண்டார். தளத்தையே முடக்கச் சொல்ல நேரிடும் என்ற எச்சரிக்கையும் வந்தது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கமே 2024 அக்டோபரில் நீதிமன்ற உத்தரவின்பேரில் அகற்றப்பட்டது. நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மூவரின் அடையாளம் வெளியே தெரியாத வகையில் அவர்களுக்கு அழைப்பாணை அனுப்பும் பொறுப்பை விக்கிமீடியா அறக்கட்டளையே ஏற்றது. அவதூறான வாசகங்களை நீக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை 2025 ஏப்ரலிலும், வழக்கைப் பற்றிய பக்கத்தை அகற்றச் சொன்ன உத்தரவை மே 9-ஆம் தேதியும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்ற நடவடிக்கைகளும் பொது விவாதத்துக்கு உட்பட்டவையே என்பதை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது ஆறுதலளிப்பது.

ஆனால் அடிப்படைக் கேள்வி தீரவில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தில் விதியை மீறுபவரை யார், எப்படித் தண்டிப்பது?

பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. பிழை இருந்தால் கேட்பதற்கு ஒருவர் இருந்தார். விக்கிப்பீடியாவில் அந்த இடத்தில் இருப்பது மனிதர் அல்ல, வரலாற்றுப் பக்கம். எந்தக் கணக்கு, எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லை மாற்றியது என்பது அதில் பதிவாகிவிடுகிறது. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் எழுதியதை மாற்றியமைக்கக் கூடாது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் விதி. மீறினால் எச்சரிக்கை, பிறகு தற்காலிகத் தடை, இறுதியில் நிரந்தரத் தடை. ஒருவரே பல பெயர்களில் நுழைந்தால் அவை கைப்பாவைக் கணக்குகள் என்று முடக்கப்படும்.

இந்த ஏற்பாடு போதுமானதா? போதாது என்பதற்கான சான்றும் தலைநகருடன் தொடர்புடையதுதான். தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த ஐ.ஐ.பி.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில் சாதகமான செய்திகள் முன்னே வருவதும் பாதகமானவை காணாமல் போவதும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அப்படித் தொகுத்தவர்களில் "வைஃபையோன்" என்ற புனைபெயர்க்காரர் 2010-இல் நிர்வாகி பொறுப்புக்கே உயர்ந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை. நடுவர் குழு அவரை வெளியேற்றியது 2015 பிப்ரவரியில். அதற்கிடையில் அந்தக் கட்டுரையை நம்பிக் கட்டணம் செலுத்திய மாணவர்கள் எத்தனை பேரோ! எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய உண்மைப் பெயர் அந்தத் தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை. அவர் செய்த திருத்தங்களின் வரலாறே சாட்சியாக நின்றது. தாமதமான நீதிதான், ஆனால் யாருடைய முகத்திரையையும் கிழிக்காமல் கிடைத்த நீதி.

பெயரைக் கேட்பது எவ்வளவு கூர்மையான ஆயுதம் என்பதைக் கோலார் தங்கவயல் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930-இல் சுரங்க நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்து மூன்று வாரம் போராடினார்கள். அடையாளம் ஒரு முறை நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டால், வேலை நீக்கப்பட்டவன் வேறெந்தச் சுரங்கத்திலும் தலைகாட்ட முடியாது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. வலியவருக்குப் பிடிக்காத வரியை எழுதிய தன்னார்வலரின் அச்சமும் இதுவே.

அதே தங்கவயல் இன்னொரு வகை விதிமீறலையும் நமக்குக் காட்டுகிறது. ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று அங்கே குடியேறிய குடும்பங்களில் பெரும்பாலானவை வட ஆற்காடு, சித்தூர் பகுதிகளிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்களுடையவை. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் காலூன்றியது முதல் 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரையிலான வரலாற்றில் துரைமார்களுக்கு ஆவணம் உண்டு. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியவர்களுக்கு நினைவு மட்டுமே உண்டு. 2018-லும் 2022-லும் வெளியான திரைப்படங்கள் அந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. ஆனால் ஊரின் கதையை அல்ல.

தாத்தா சொன்ன பாறை வெடிப்பையும் நுரையீரல் நோயையும் ஆண்டர்சன்பேட்டை இளைஞர் ஒருவர் கட்டுரையில் சேர்த்தால் என்ன ஆகும்? சான்று இல்லை என்று நீக்கப்படும். அவர் மீண்டும் சேர்ப்பார், மீண்டும் நீக்கப்படும். நான்காவது முறை அவரும் விதி மீறியவராகிவிடுவார். விளம்பரத்துக்காகப் பொய் எழுதியவருக்கும் சான்றில்லாமல் உண்மை எழுதியவருக்கும் ஒரே எச்சரிக்கை வாசகம்! இரண்டாமவரைத் தடை செய்வதில் விதிப்படி பிழையில்லை. ஆனால் அவரிடம் பேச்சுப் பக்கத்தில் நாலு வார்த்தை விளக்காமல் தடை செய்வது அடாவடி.

இதில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2003-இல் தொடங்கிய அத்தளத்தில், 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் கூலி மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிக் குவித்தது. நடை செயற்கையாக இருந்தது, தலைப்புகள் நம் வாசகருக்கு அந்நியமாக இருந்தன, பிழையைச் சுட்டினால் பதில் சொல்ல ஆளில்லை. இதே திட்டத்தை வங்காள விக்கிப்பீடியர்கள் ஏற்க மறுத்தனர். தமிழர்கள் அதை நிறுத்திவைத்து, நிறுவனத்துடன் பேசி, திருத்தும் பொறுப்பை மொழிபெயர்ப்பவரே ஏற்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை விதித்தார்கள். 2010-இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அந்த அனுபவம் கட்டுரையாகவும் வாசிக்கப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கத்துக்கு "ஆலமரத்தடி" என்று பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆயினும் ஆலமரத்தடியில் அமர்வதற்கு ஆள் வேண்டுமே! தமிழில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கண்காணிப்போர் சம்பளமில்லாத ஒரு சிறு கூட்டத்தினர். ஒரு நிர்வாகியின் முடிவு தவறானால் மேல்முறையீட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ளதைப் போன்ற நடுவர் குழு தமிழில் இல்லை. சாதி, கட்சி, மொழிப் பிணக்கு சார்ந்த பக்கங்களில் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். தடை விதித்தவரே முறையீட்டையும் விசாரிக்கக் கூடாது என்ற ஒரு விதியையாவது கறாராகப் பின்பற்ற வேண்டும். அதற்கு நீதிமன்றமோ அரசோ தேவையில்லை.

அரசுகளும் பல்கலைக்கழகங்களும் செய்யக்கூடியது வேறு. சுரங்கம் மூடப்பட்டுக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நிலத்தடியில் உழைத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்து, பெயர், நாள், இடம் சரிபார்த்துத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிடும் பணியைச் சென்னையோ பெங்களூரோ இப்போதே தொடங்கலாம். அந்த நூல் வந்தால், ஆண்டர்சன்பேட்டை இளைஞர் எழுதிய வரிக்கு அடிக்குறிப்பு கிடைத்துவிடும்.