பழைய பொம்மை ரயில் மீண்டும் ஓட...



பழைய சாமான் கடையில் ஹார்ன்பி டப்ளோ பொம்மை ரயில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். லிவர்பூல் நகரின் மெக்கானோ நிறுவனம் 1938-இல் வெளியிட்டது அது.

அதன் பாதையில் மூன்று கம்பிகள். நடுக்கம்பியில் வரும் மின்சாரம் சக்கரங்கள் வழியே ஓரக் கம்பிகளுக்குத் திரும்பும். இப்போது விற்கும் பாதைக்கோ இரண்டே கம்பிகள். பழைய உலோகச் சக்கரத்தை அதன்மேல் வைத்தால் இரு கம்பிகளும் இணைந்து 'ஷார்ட்' ஆகிவிடும். ஆகவே பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் சக்கரம் மாட்டிப் புது எஞ்சினுடன் ஓட்டலாம். கொக்கி பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய எஞ்சின்தான் வேண்டுமென்றால் மூன்று கம்பிப் பாதையையே தேடிப் பிடியுங்கள். அப்போது பெட்டிகளில் கை வைக்க வேண்டியதில்லை.

எஞ்சின் மோட்டாரைப் பிரிக்காதீர்கள். சுழலும் பகுதியை வெளியே எடுத்தால் காந்தம் வலுவிழக்கும். தூசு துடைத்து, அச்சில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும்.

பெற்றோரே, இது முக்கியம்! ரயிலுக்கு வேண்டியது 12 வோல்ட். வீட்டுக்கு வருவது 230. பழைய டிரான்ஸ்பார்மரின் வயர் உறை காய்ந்து வெடித்திருக்கலாம். உங்கள் பிள்ளை தொடுவது தண்டவாளத்தை அல்லவா? காசு பார்க்காமல் புது 12 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள்.

4 அடிக்கு 3 அடிப் பலகையில் வட்டப் பாதை அடங்கும். ஸ்டேஷனையும் மலையையும் பழைய அட்டையில் பிள்ளைகளே செய்யட்டும். கைத்திறனும் வளரும், காசும் மிச்சம்!