பனியன் என்ன பாவம் செய்தது?

சட்டைக்குள் பனியன் கட்டாயம் வேண்டும். ஆனால் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் பட்டிக்காட்டான், போடாவிட்டால் ஒழுங்கு தெரியாதவன். யார் சார் போட்ட சட்டம் இது?

மெல்லிசு சட்டைக்குள் பனியன் பளிச்சிடுவது எனக்கும் பிடிக்காதுதான். அது கல்யாண வீட்டுக்கு. சித்திரை வெயிலில் மாகறல் பக்கம் தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவர் வேறு எதைப் போடுவதாம்? அதே பனியனோடு அவர் பேங்குக்குப் போனால் மட்டும் வாட்ச்மேன் முறைப்பார்.

1951-ல் மார்லன் பிராண்டோ ஒரு படத்தில் உள்ளாடையோடு வந்து நின்றார். ஃபேஷன் ஆகிவிட்டது. இன்றைய டி-ஷர்ட் அந்தப் பனியன்தானே? நெஞ்சில் நாலு இங்கிலீஷ் எழுத்து அச்சடித்தால் மரியாதை, வெறும் வெள்ளையென்றால் அசிங்கம்! (பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு புரியவில்லை. திருப்பூர்க்காரர்களுக்குப் புரியும்.)

2014-ல் சென்னையில் கிரிக்கெட் சங்க கிளப்புக்கு வேட்டியில் போன நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. ஊரே கொதித்தது. அந்த ஆண்டே சட்டம் வந்தது: வேட்டியைக் காட்டித் தடுத்தால் ஓராண்டு வரை ஜெயில், 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர் நீதிபதியாக இல்லாமல், பனியன் போட்ட நெசவாளியாக இருந்திருந்தால் சட்டசபை கூடியிருக்குமா, சொல்லுங்கள்!