பேரேடு பேசியது!

பேரேட்டைப் புரட்டிப் பூரித்த முதலாளிகள் ஆயிரம் பேர் உண்டு, தோழா! புரட்டிவிட்டு வெட்கித் தலைகுனிந்த முதலாளி மகன் ஒருவரின் கதையைக் கேட்டிருக்கிறாயா?

இலண்டன் ஆக்ஸ்போர்டு வீதியிலே, 1864ஆம் ஆண்டு, ஜான் லூயிஸ் என்பவர் சிறு ஜவுளிக்கடை ஒன்றைத் திறந்தார். கடை வளர்ந்தது, மாளிகையாயிற்று. அந்நாளில் இங்கிலாந்தின் ஜவுளிக்கடைகளிலே விற்பனைப் பெண்களின் நிலை யாது? காலை முதல் இரவு வரை கால் கடுக்க நிற்க வேண்டும். முதலாளி காட்டிய விடுதியிலேயே உண்டு உறங்க வேண்டும். தவறினால் அபராதம்! பிரைட்டனில் கடைப்பெண்ணாக வாழ்வைத் தொடங்கிய மார்கரெட் பாண்ட்ஃபீல்டு, இந்த அவலத்தைப் புனைபெயரில் எழுதி அம்பலமாக்கினார். 1899இல் ஒரு சட்டம் வந்தது: கடைப்பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை வேண்டுமாம்! மற்ற இருவர்? நின்றுகொண்டே சட்டத்தை வாழ்த்தலாம்.

ஜான் லூயிஸ் கோழையல்லர். கடை மனைக்கு உரிமை கொண்டாடிய பிரபுவோடு வழக்காடி, நீதிமன்ற ஆணையை மீறி, 1903இல் சிறைக்கும் சென்றவர். பிரபுவை எதிர்த்து நிமிர்ந்த அதே மனிதர், 1920இல் தம் ஊழியர் நானூறு பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒருவரையும் திரும்பச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். மேலே நோக்கும்போது வீரம்; கீழே நோக்கும்போது வீம்பு!

அவர் மகன்தான் ஸ்பீடன் லூயிஸ். 1909இல் குதிரையிலிருந்து வீழ்ந்து, ஏறத்தாழ ஈராண்டுகள் கடைப்பக்கம் செல்ல இயலாது கிடந்தார். உடல் ஓய்ந்தது; உள்ளம் ஓயவில்லை. பேரேடு காட்டிய கணக்கு நெஞ்சைக் குடைந்தது. தந்தை, தாம், தம்பி ஆகிய மூவருக்குச் சேர்ந்த தொகை, ஊழியர் அத்தனை பேரும் பெற்ற கூலியைக் காட்டிலும் அதிகம்! மூன்று வயிறு ஒரு தட்டில். நூற்றுக்கணக்கான வயிறு மறு தட்டில். தராசு சாய்ந்ததோ மூன்றின் பக்கம்!

1914இல், சுலோன் சதுக்கத்தில் நொடித்துக் கிடந்த பீட்டர் ஜோன்ஸ் கடை அவர் பொறுப்புக்கு வந்தது. வேலை நேரத்தைக் குறைத்தார். ஊழியர் குழுக்களை அமைத்தார். 1920இல் இலாபத்திலும் பங்களித்தார். கடை நிமிர்ந்தது. 1928இல் தந்தை மறைந்தார். மறு ஆண்டே, நிறுவனத்தை ஊழியர் நலனுக்கென அறக்கட்டளையாக எழுதினார்; 1950இல் இரண்டாம் ஆவணம் அதனை முழுமையாக்கியது. அந்த 1929இல்தான் பழைய கடைப்பெண் பாண்ட்ஃபீல்டு, பிரிட்டனின் முதல் பெண் அமைச்சராகத் தொழிலாளர் துறை ஏற்றார் என்பதையும் குறித்துக்கொள்.

வள்ளல் என்று பரணி பாட வேண்டாம். கடையின் விலையை வட்டியில்லாத் தவணையில் பெற்றுக்கொண்டவர்தான். 1955 வரை தலைமை நாற்காலியை விட்டு இறங்காதவர்தான். நான் வியப்பது இரக்கத்தையன்று, பத்திரத்தை! நல்லவன் இரக்கம் அவனோடு சாகும். பத்திரம் பேரன் காலத்திலும் பேசும். அங்கே ஊழியருக்குப் பெயர் "பங்காளி". (நம் ஊரில் அச்சொல் வரப்புச் சண்டையை நினைவூட்டும், பொறுத்துக்கொள்!) அந்தப் பங்காளி எவரும் தம் பங்கைச் சந்தையிலே விற்க முடியாது. அதுவே பூட்டு.

பூட்டு இல்லாத வீட்டைப் பார். பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் என்னும் பேரங்காடி 2015இல் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. மறு ஆண்டு மூடப்பட்டது. ஓய்வூதிய நிதியிலே 57 கோடியே 10 லட்சம் பவுண்டு பள்ளம்! விற்றவரைக் கேட்க, உழைத்தவர்க்கு எந்த மன்றம் இருந்தது?

ஜான் லூயிஸ் கடைக்கும் இடி விழாமல் இல்லை. 2021இல் போனஸ் கிடையாது என்றனர். 1953க்குப் பின் அதுவே முதல் முறை. 2023, 2024, 2025 ஆகிய மூவாண்டும் கை விரித்தனர். பங்காளி என்பது பட்டமா, பாத்தியதையா என்று ஊழியர் முணுமுணுத்ததில் நியாயம் உண்டு. 2023இல் வெளியார் முதலீட்டுக்கு ஒரு பகுதியை விற்கலாமா என்ற பேச்சு மேலிடத்தில் எழுந்தது. எதிர்ப்பு கிளம்பியது, எண்ணம் பின்னர் கைவிடப்பட்டது. அவ்வாண்டு மே மாதம், ஊழியர் தேர்ந்தெடுத்த மன்றம் கூடிற்று. தலைவர் சாரன் ஒயிட் எதிரிலே நின்றார். கடந்த ஆண்டுச் செயற்பாட்டில் நிறைவில்லை என்று வாக்களித்தனர். வருங்காலப் பாதைக்கு மட்டும் ஆதரவளித்தனர். அக்டோபரில் அவர், ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்ததும் விலகுவதாக அறிவித்தார்.