பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: சொல்லித்தர ஆள் எங்கே?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது, திருத்தணி அமைந்திருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் பழக்கமில்லாத ஒன்றை, சொல்லித்தர ஆளில்லாமல் யார் தொடுவாங்க?

அதே கேள்வி இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 சிப் இல்லாத பழைய லேப்டாப்களை விண்டோஸ் 11 ஏற்காது. அதற்காகத் தூக்கிப்போட வேண்டுமா? வேண்டாம்.

என்ன செய்யலாம்?

* போட்டோ, சான்றிதழ்களை முதலில் வேறு டிரைவில் காப்பி எடுங்கள்.
* லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓ ஃபைலை, பலேனா எட்சர் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். சும்மா காப்பி-பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. பென் டிரைவில் இருக்கும் பழைய ஃபைல்கள் அழிந்துவிடும்.
* பென் டிரைவிலிருந்தே பூட் செய்து, வைஃபை, சவுண்ட், தமிழ் கீபோர்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். இதுவரை லேப்டாப்பில் எதுவும் அழியாது.
* திருப்தியானால் மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். 'எரேஸ் டிஸ்க்' கொடுத்தால் விண்டோஸும் ஃபைல்களும் போய்விடும், ஜாக்கிரதை.

இதெல்லாம் ஒரு மதிய நேர வேலைதான். ஆனால் முதல் தடவை செய்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் பயம் போய்விடும். பள்ளி கம்ப்யூட்டர் லேப்களிலும் ஊர் நூலகங்களிலும் மாதம் ஒருநாள் இதைச் சொல்லித்தர அரசு ஏற்பாடு செய்யலாம். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. குறைவது கற்றுத்தரும் கைதான்.