பனிக்காலத்தில் சரிந்த மண்

எங்கள் நீலகிரி மலையில் மண் சரிவது ஐப்பசி, கார்த்திகையில் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுவதும் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். அதிலிருந்து, ராத்திரி தகரக் கூரையில் மழை வலுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிற வீடுகள் இங்கே பல உண்டு.

ஆனால் லவ்டேல் காந்தி நகரில் ஆறு பெண்கள் மண்ணுக்கு அடியில் போனது 2024 பிப்ரவரி 7-ம் தேதி. மழைக்காலம் முடிந்து, உறைபனி விழும் மாதம். புதிதாக எழும் வீட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டும் வேலை. சரிவை வெட்டியிருந்தார்கள். மேலே இருந்த கழிப்பிடக் கட்டடமும் மண்ணுமாகச் சேர்ந்து கீழே நின்றவர்கள் மேல் இறங்கிவிட்டன. மண்ணைத் தடுக்கப் போகிற சுவருக்காக வந்தவர்களைத்தான் மண் கொண்டுபோனது.

சரிவைச் செங்குத்தாக வெட்டிய பிறகு, சுவர் எழும்வரை அந்த மண்ணைப் பிடிக்க எதுவும் இல்லை. மேலே கட்டடம் இருந்தால் அதன் பாரமும் அதே முகத்தில் இறங்கும். துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டுக்குச் சுவர் ஏறிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். முட்டுக் கொடுக்க வேண்டும். கூலியும் நாளும் கூடும். அதனால்தான் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்டுகிறோம்.

நிலச்சரிவு முன்னறிவிப்புக்கென்று கொல்கத்தாவில் 2024 ஜூலையில் தேசிய மையம் திறந்தார்கள். நீலகிரிக்கும் அறிவிப்பு வருகிறது. நல்லதுதான். ஆனால் அது பெரிதும் மழையை நம்பிச் சொல்லும் கணக்கு. நேற்று யார் வீட்டுப் பின்புறம் எத்தனை அடி வெட்டினார்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அவரோ, எதற்கு வம்பு என்று வாயைத் திறப்பதில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியன்? எங்கள் பின்சுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த குழாய்களில் செம்மண் கறை வழிகிறதென்று, வெள்ளையடித்த ஜோரில் இரண்டைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தேன். போன மாதம் வந்த மேஸ்திரி பார்த்துவிட்டு, "சுவருக்கு மூக்க அடைச்சிருக்கீங்க சார்" என்றார். உளியால் தட்டியதும் முதலில் ஒன்றுமில்லை. பிறகு கலங்கிய தண்ணீர், கால் மணி நேரத்துக்கு நிற்காமல் வந்தது. மழை பெய்து அன்றோடு ஒன்பது நாள்.