கைப்பேசி ஆயுதமா, ஆபரணமா?

நவராத்திரி ஒன்பது நாளும் வந்து அம்பாளைத் தரிசித்து, கொலுவுக்கும் அன்னதானத்துக்கும் கை கொடுத்த எல்லாருக்கும் முதல்ல நன்றி. பின்கட்டுல பாத்திரம் கழுவின அக்காமார்களுக்கும், மழையில நின்னு கார்களை ஒழுங்குபடுத்தின தம்பிகளுக்கும் தனியா ஒரு கும்பிடு.

இந்தப் பதிவு நீளம். கொஞ்சம் காரமாவும் இருக்கும். கோபம் வந்தா கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க.

ஆயுத பூஜை அன்னிக்கு அம்பாள் முன்னாடி என்னென்ன வந்தது? ஸ்பேனர், தையல் கத்தரி, லாரி சாவி, பிள்ளைங்க பாடப் புத்தகம், ஓர் அக்காவோட இட்லித் தட்டு. பார்க்கவே மனசு நிறைஞ்சது. அதுக்கு நடுவுல ஏழு புதுக் கைப்பேசி, பெட்டியோட, சந்தனம் குங்குமம் வச்சு. ஐபோன் 17 மலேசியாவுல விற்பனைக்கு வந்தது செப்டம்பர் 19. அக்டோபர் 1-ஆம் தேதி அது அம்பாள் காலடிக்கே வந்துடுச்சு. பன்னிரண்டே நாள். ஒரு தம்பி அர்ச்சனைத் தட்டுல கைப்பேசியை வச்சு நீட்டினப்ப, "இதுக்கு என்ன நட்சத்திரம்பா?"ன்னு குருக்கள் கேட்டார். எல்லாரும் சிரிச்சோம். எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிக்கல.

ஆயுத பூஜைங்கிறது நமக்குச் சோறு போடுற கருவிக்கு நன்றி சொல்ற நாள். தச்சர் உளியை வச்சார். தோட்டத்துல நம்ம தாத்தா பாட்டிங்க பால்மரம் சீவுற கத்தியையும் வாளியையும் கழுவிப் பொட்டு வச்சாங்க. அந்தக் கணக்குல கைப்பேசியும் ஆயுதம்தான், நான் மறுக்கல. கிராப் ஓட்டுற அண்ணனுக்கு அதுதான் ஆயுதம். வீட்டுல முறுக்கு சுட்டு வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்கிற அக்காவுக்கு அதுதான் கடை. கோவிட் காலத்துல பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தப்ப, மூணு பிள்ளைங்க ஒரே கைப்பேசியை மாத்தி மாத்திப் பிடிச்சுப் பாடம் படிச்ச வீடு நம்ம தாமான்லயே இருந்தது. திரை கீறல் விழுந்த அந்தக் கைப்பேசிக்கு நான் விழுந்தே கும்பிடுவேன்.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. போன வருஷக் கைப்பேசி செய்யாத எந்த வேலையை இந்த வருஷக் கைப்பேசி உங்களுக்குச் செய்யப் போகுது? டச் அண்ட் கோ-ல காசு கட்டணும், வீடியோ கால்ல பேரப்பிள்ளை முகம் பார்க்கணும், உட்லண்ட்ஸ்ல கடப்பிதழுக்குப் பதிலா கியூஆர் காட்டணும். ஆயிரம் வெள்ளிக்குக் கீழே கிடைக்கிற கைப்பேசி இத்தனையும் செய்யும். அப்புறம் அந்த மீதி ஐயாயிரம் வெள்ளி எதுக்கு? அடுத்தவங்க கண்ணுக்கு. அதுதான் ஆபரணம். ஆபரணம் போடுறது பாவம்னு நான் சொல்லல. ஆனா ஆபரணத்தை ஆயுதம்னு சொல்லி அம்பாளை ஏமாத்தாதீங்க. உங்களையும் ஏமாத்திக்காதீங்க.

சந்தேகம் இருந்தா நிறத்தைப் பாருங்க. 2022-ல விலை உயர்ந்த ஐபோனுக்கு ஊதா நிறம் வந்தது. 2024-ல பாலைவன மணல் நிறம். 2025-ல ஆரஞ்சு. ஊதா நிறக் கைப்பேசி இன்னும் நல்லாத்தான் பேசுது. ஆனா ஊதாவைப் பார்த்ததும் பழசுன்னு பக்கத்துல நிக்கிறவருக்குத் தெரிஞ்சிடும். அதுக்குத்தான் நிறம் மாறுது. இந்த ஆரஞ்சு கிட்டத்தட்ட நம்ம காவி. காவி கட்டினா எல்லாத்தையும் விட்டவர்னு அர்த்தம். 24 மாசத் தவணையில காவி வாங்குறது நம்ம காலத்துலதான் நடக்குது.

இப்ப கணக்குக்கு வருவோம். பெரிய மாடலோட விலை 6,000 வெள்ளியைத் தொடுது. 2025 பிப்ரவரியில இருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. இ.பி.எப். 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போச்சு. சொக்சோவும் போனா கையில வர்றது சுமார் 1,500. 6,000 வெள்ளியை 24 மாசத்துக்குப் பிரிச்சா, வட்டியே இல்லைன்னு வச்சுக்கிட்டாலும் மாசம் 250. கைக்கு வர்ற சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு! வாடகை, மோட்டார் தவணை, பெட்ரோல், பால் மாவு எல்லாம் மீதியில. தவணை முடியற மாசம் அடுத்த மாடல் வந்துடும், மறுபடியும் 250. ஒண்ணாம் வகுப்புல இருந்து ஐந்தாம் படிவம் வரைக்கும் 11 வருஷம். அந்த 250-ஐ மாசாமாசம் பிள்ளை பேர்ல எஸ்.எஸ்.பி.என். கணக்குல போட்டா, லாப ஈவு சேர்க்காமலே 33,000 வெள்ளி. மேற்படிப்புக்கு இடம் கிடைச்சும் கட்டணம் கட்ட முடியலைன்னு ஆலய நிர்வாகத்துக்கு எத்தனை மனு வருதுன்னு எனக்குத் தெரியும். அந்த மனுக்களை அடுக்கி வைக்கிறதும் இந்தக் கைதான்.

"இப்ப வாங்கு, அப்புறம் கட்டு"ங்கிற வியாபாரம் வந்த பிறகு கடன் வாங்குறதுல இருந்த கூச்சமே போச்சு. முன்னாடி கடன் கேட்கணும்னா ஒருத்தர் வாசல்ல போய் நிக்கணும், தலை குனியணும். இப்ப விரலால ஒரு தட்டு. இந்தக் கடனையும் கண்காணிக்கணும்னுதான் 2025-ல நாடாளுமன்றத்துல நுகர்வோர் கடன் சட்டத்தை நிறைவேத்தினாங்க. சட்டம் அது வேலையைச் செய்யட்டும். நம்ம ஆசைக்கு யார் கடிவாளம் போடுறது? 2024 மே மாசம் இ.பி.எப்.ல எப்ப வேணும்னாலும் பணம் எடுக்கலாம்னு மூணாவது கணக்கைத் திறந்தாங்க. ஆபத்து அவசரத்துக்குன்னு கொடுத்த வழி அது. அதுல இருந்து எடுத்து கைப்பேசிக்கு முன்பணம் கட்டினேன்னு ஒருத்தர் பெருமையா என்கிட்டயே சொன்னார். அறுபது வயசுல அந்தக் கைப்பேசி வந்து கஞ்சி ஊத்துமா?

தயாரிக்கிறவங்க நம்மளை என்ன பண்றாங்கன்னும் தெரிஞ்சுக்கோங்க. 2007 ஜூன்ல அமெரிக்காவுல முதல் ஐபோன் வந்தது. 599 டாலர் கொடுத்து, வரிசையில நின்னு வாங்கினாங்க. ரெண்டே மாசத்துல, செப்டம்பர்ல, அதே கைப்பேசி 399 டாலர். முதல்ல நின்னவங்க கொதிச்சுப் போனாங்க, கம்பெனி 100 டாலருக்கு வரவு கொடுத்துச் சமாளிச்சது. முந்திக்கிட்டவங்களுக்குக் கிடைச்ச பரிசு அது. அப்புறம் 2017 டிசம்பர்ல, பழைய ஐபோன்களோட பேட்டரி தளர்ந்துட்டா வேகத்தைக் குறைக்கிற மாதிரி மென்பொருள் போட்டிருந்ததை ஆப்பிளே ஒத்துக்கிட்டது. கைப்பேசி திடீர்னு அணைஞ்சு போகாம இருக்கத்தான் அப்படின்னு சொன்னாங்க. வாங்கினவங்களுக்கு அதைச் சரியாத் தெரிவிக்கலைன்னு 2020-ல பிரான்ஸ் நாடு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. பேட்டரி மாத்தினா சரியாப் போயிருக்கும். அது தெரியாம எத்தனை பேர் புதுசு வாங்கியிருப்பாங்க!

இன்னொண்ணு. 2024-ல வந்த கேலக்ஸி எஸ்24-க்கு ஏழு வருஷம் மென்பொருள் புதுப்பிப்பு தர்றோம்னு சாம்சங்கே சொல்லுது. 2019-ல வந்த ஐபோன் 11, 2025-ல வந்த மென்பொருளையும் ஏத்துக்குது. செஞ்சவனே ஏழு வருஷம் ஓடும்னு சொல்றான். நமக்குத்தான் ஒரு வருஷத்துல கசக்குது. உங்க கைப்பேசி மெதுவா ஓடுதா? சில நூறு வெள்ளியில பேட்டரியை மாத்திப் பாருங்க. ஆறாயிரம் மிச்சம்.

நம்ம ஜொகூர்ல இந்த நோய் கொஞ்சம் முத்தித்தான் இருக்கு. அதுக்குக் காரணம் பாலம். காலையில நாலு மணிக்கு எழுந்து மோட்டார்ல பாலம் தாண்டிச் சிங்கப்பூர்ல உழைக்கிறவங்களை நான் குறை சொல்லல. அவங்க வேர்வை, அவங்க காசு. ஆனா ஒரு வீட்டுல அண்ணன் சிங்கப்பூர் வெள்ளியில சம்பாதிக்கிறான், தம்பி பாசிர் கூடாங் தொழிற்சாலையில ரிங்கிட்ல சம்பாதிக்கிறான். கல்யாண வீட்டுல ரெண்டு பேரும் மேசை மேல கைப்பேசியை வைக்கிறப்ப, தம்பியோடதும் அண்ணனோடது மாதிரியே இருக்கணுமாம். விரலுக்குத் தகுந்த வீக்கம்னு பெரியவங்க சொன்னதை மறந்துட்டோம். அண்ணன் ஒன்றரை மாசத்துல கட்டுறதைத் தம்பி ரெண்டு வருஷம் கட்டுறான். நடுவுல வேலை போனா? வட்டிக்கு விடுறவன் வீட்டு வாசல்ல சிவப்புச் சாயம் ஊத்திட்டுப் போன கதை எந்தத் தாமானுக்கும் புதுசு இல்ல.

பாலத்துக்கு அந்தப் பக்கம் 2014 நவம்பர்ல நடந்தது ஞாபகம் இருக்கா? சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர்ல, வியட்நாம்ல இருந்து சுற்றுலா வந்த ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, தன் காதலிக்காக 950 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து ஐபோன் 6 வாங்கினார். மாசம் 200 வெள்ளி அளவுக்குத்தான் அவருக்குச் சம்பளம். கடைக்காரங்க உத்தரவாதத்துக்குன்னு சொல்லி இன்னும் 1,500 கேட்டாங்க. காசைத் திருப்பிக் கொடுங்கன்னு அவர் கடைக்குள்ள மண்டி போட்டு அழுதார். அந்த வீடியோவை உலகமே பார்த்தது. குத்தம் கடைக்காரன் மேலதான், அதுல சந்தேகமே இல்ல. பல பேரை ஏமாத்தின வழக்குல அவனுக்கு அடுத்த வருஷம் 33 மாசம் சிறைத் தண்டனை கிடைச்சது. ஆனா எனக்கு மறக்காதது அந்த மண்டியிட்ட உருவம். நாம சாமிக்கு முன்னாடி விழுவோம், பெத்தவங்க காலில விழுவோம். ஒரு கைப்பேசிக்காக ஒரு மனுஷன் கடைக்காரன் முன்னாடி விழ வேண்டி வந்துச்சே! இன்னொண்ணும் மறக்கல. முன்பின் தெரியாத மக்கள் இணையத்துல அவருக்காகப் பணம் திரட்டினப்ப, இழந்ததுக்கு மேல எனக்கு வேண்டாம்னு அந்த ஏழை சொல்லிட்டார். தன்மானம் எந்தப் பெட்டியிலயும் வர்றதில்லைங்க.

"என் காசு, என் இஷ்டம், உனக்கென்ன?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. கையில இருக்கிற காசுன்னா உங்க இஷ்டம்தான். தவணைங்கிறது இன்னும் சம்பாதிக்காத காசு. அதுல உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் பங்கு இருக்கு. அவங்களைக் கேட்டீங்களா?

"பொம்பளைங்க நகை போட்டுக்கிட்டு வர்றதில்லையா? அது மட்டும் பகட்டு இல்லையா?"ன்னு ஒரு தம்பி என்கிட்ட நேர்லயே கேட்டார். பகட்டுதான், ஒத்துக்கிறேன். ஆனா ஆபத்துன்னு வந்தா அந்த நகை அடகுக் கடைக்குப் போய் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும். பத்து வருஷம் கழிச்சும் அதுக்கு விலை உண்டு. உங்க கைப்பேசி பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே விலை இறங்கிடும். ஆபரணமாக் கூட அது தேறாது.

"ஆலயத் தொண்டனுக்கு இதெல்லாம் எதுக்கு, வந்தோமா சாமி கும்பிட்டோமான்னு போக வேண்டியதுதானே?"ன்னும் சிலர் சொல்வீங்க. தமிழ்நாட்டுக் கோயில்கள்ல கைப்பேசிக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. அது கோயிலோட புனிதத்துக்காக. என் கவலை பிள்ளைங்களைப் பத்தினது. நம்ம தேவார வகுப்புக்கு வந்துக்கிட்டிருந்த ஒரு பையன், நல்ல குரல், மூணு வாரமா வரல. அம்மாகிட்ட விசாரிச்சேன். வகுப்பு முடிஞ்சதும் பிள்ளைங்க எல்லாம் கைப்பேசியை எடுத்துக் காட்டிக்கிட்டாங்களாம். இவன்கிட்ட இருந்தது அப்பா கொடுத்த பழசு, மூலையில உடைஞ்சது. "இது எந்த மியூசியத்துல எடுத்தே?"ன்னு ஒருத்தன் கேட்டானாம். அவ்வளவுதான். அந்த அம்மா துப்புரவு வேலை செய்றவங்க. "தவணையில ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாமான்னு பார்க்கிறேன் அண்ணே"ன்னு சொன்னாங்க. எனக்கு வாய் வரல.

சந்நிதிக்குள்ள செருப்பைக் கழட்டச் சொல்றோம். பந்தியில முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் ஒரே சாம்பார். ஆலயத்துல யாரும் யாருக்கும் மேல இல்லைன்னு காட்டத்தான் இத்தனையும். அந்த இடத்துல ஒரு பிள்ளை, கையில இருக்கிற கைப்பேசியால சிறுத்துப் போய் வீட்டுக்கு ஓடுதுன்னா, நாம கட்டின கோபுரத்துக்கு என்ன அர்த்தம்? அந்தக் கேலியைப் பிள்ளை எங்க கத்துக்கிட்டான்? மேசை மேல கைப்பேசியை நிமிர்த்தி வச்சு, "இது புதுசு, ப்ரோ மேக்ஸ்"னு சொன்ன நம்மகிட்டதான்.

தீபாவளி வருது. போனஸ் வரும், விளம்பரமும் வரும். அதுக்கு முன்னாடி சில வேண்டுகோள்.

தேவார வகுப்பு நேரத்துல பிள்ளைங்க கைப்பேசியை ஒரு பெட்டியில வாங்கி வச்சுக்கலாம்னு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். பெற்றோர் ஆதரவு கொடுங்க. உங்க கைப்பேசியும் சந்நிதிக்குள்ள பைக்குள்ளயே இருக்கட்டும். எந்தப் பிள்ளைகிட்டயும் "என்ன மாடல்?"னு கேட்காதீங்க. "இந்த வாரம் எந்தப் பதிகம்?"னு கேளுங்க. நல்லா ஓடுற பழைய கைப்பேசி வீட்டுல தூங்கினா, உங்க விவரங்களை எல்லாம் அழிச்சிட்டு அலுவலகத்துல கொடுங்க. தேவைப்படுற மாணவர் கைக்குப் போய்ச் சேரும், பேர் வெளியே வராது. ஏற்கெனவே தவணையில மாட்டிக்கிட்டவங்க வெட்கப்படாம ஏ.கே.பி.கே.-க்குப் போங்க. பேங்க் நெகாரா 2006-ல தொடங்கின அமைப்பு, ஆலோசனை இலவசம், ஜொகூர் பாருவுலயும் கிளை இருக்கு. பாரம் நிரப்பத் தெரியலைன்னா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு என்னைப் பாருங்க, நான் கூட உட்கார்ந்து நிரப்பித் தர்றேன். வட்டிக்காரன்கிட்ட மட்டும் போகாதீங்க.

அந்தப் பையனை இந்த ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கூட்டிக்கிட்டு வரப் போறேன். உங்க பிள்ளை பக்கத்துல அவனுக்கு ஓர் இடம் விட்டு உட்காரச் சொல்லுங்க.

திட்டணும்னா கீழே திட்டலாம். சரின்னு பட்டா குடும்பக் குழுவுல பகிருங்க.

அம்பாள் துணை.
உங்கள் ஆலயத் தொண்டன்